வந்தால் மலை, போனால் மயிர்

ரஷ்ய ஜார் மன்னரின் கான்சல் ஜெனரலாக நியூயார்க்கில் உட்காருவது லேசுப்பட்ட உத்தியோகம் இல்லை. 1862-ல் அந்த நாற்காலி பாரன் கார்ல் ராபர்ட் ஆஸ்டன்-சாக்கனுக்குக் கிடைத்தது. பீட்டர்ஸ்பர்க் பிரபு வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் அப்போது உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. மறுவருடம் ஜாரின் போர்க்கப்பல்களே நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து நின்றன. ஊர்வலம், விருந்து, நடனம் என்று நகரம் அமர்க்களப்பட்டது. ஒரு தூதருக்கு இதைவிடப் பெரிய சீசன் வாய்க்காது. ஆனால் நம் பாரனுக்கு மனசு முழுக்க ஈ மேல்.

வேலையில்லாதவன்தான் ஈ ஓட்டுவான் என்பார்கள். இவர் கை நிறைய வேலையை வைத்துக்கொண்டு ஈ பிடித்தார். வாஷிங்டன் தூதரகத்தில் செயலாளராக இருந்த காலத்திலேயே, 1858-ல், வட அமெரிக்க ஈக்களுக்கு ஒரு பட்டியல் போட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தை அச்சிட வைத்தவர். 1871-ல் உத்தியோகத்தையே தலைமுழுகிவிட்டு முழுநேர ஈக்காரர் ஆனார். 1884-ல் லண்டன் பூச்சியியல் கழகத்தின் ஏட்டில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் ஒன்றே ஒன்று: ஈயின் உடம்பில் எந்த இடத்தில் எந்த முடி இருக்கிறது.

சிரிப்பு வருகிறதா? அன்றைக்கும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மனுஷன் பார்த்த விஷயம் சாமானியமானதில்லை. நம் தலையில் லட்சம் முடி இருக்கலாம். ஒன்றுக்கும் பெயர் கிடையாது. சீப்பில் பத்து வந்தால் எந்தப் பத்து என்று யாரும் கேட்பதில்லை. ஈயின் முதுகில் இருக்கும் பெரிய முடி ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. ஓர் இனத்தில் ஆயிரம் ஈயைப் பிடித்து வரிசையாக வைத்தாலும் அதே முடி அதே இடத்தில் நிற்கும். தோளோரம் இரண்டு என்றால் இரண்டு. நடுமுதுகில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் அப்படியே. இனம் மாறினால் வரைபடம் மாறும். பாரன் அந்த இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார். இன்றைக்கும் ஈயின் இனம் கண்டுபிடிக்கிறவர்கள் லென்ஸை வைத்துக்கொண்டு முதலில் எண்ணுவது முடியைத்தான்.

இந்த முடி எங்கிருந்து வந்தது, யார் இடம் குறித்துக் கொடுத்தது என்று பாரன் கேட்கவில்லை. எண்ணுகிறவர்கள் பொதுவாக அதைக் கேட்க மாட்டார்கள். கேட்கப் போனவர்களுக்கு நூறு வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு சர்வாதிகாரி வந்தார், இரண்டு உலகப் போர் வந்தது, ஏராளமான வாழைப்பழம் அழுகியது.

முதலில், அது முடியே இல்லை. வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈ ஒன்றை, அந்த மூன்று மில்லிமீட்டர் ஜீவனை, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். முதுகில் ஒவ்வொரு பாதியிலும் பெரிய முள்முடி 11. நடுவில் வரிசை வரிசையாகக் குட்டி முடிகள். ஒவ்வொரு முடிக்கும் கீழே நாலு செல் கொண்ட ஒரு கூட்டுக் குடித்தனம். ஒரு செல் முடித்தண்டாக நீளுகிறது. இன்னொன்று அதைச் சுற்றிக் குழியாக வளைந்து நிற்கிறது. மூன்றாவது நரம்பு; நாலாவது அந்த நரம்புக்கு உறை. தண்டு அசைந்தால் நரம்பு தந்தி அடிக்கும். தோலுக்குப் பதில் மேலெல்லாம் கவசத்தை மாட்டிக்கொண்டு திரியும் பிராணிக்குத் தொட்டால் தெரிய வேறு வழியில்லை.

எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. சாப்பிடும்போது படிக்கிறவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். ஈயின் தலையைக் கிள்ளிவிடுகிறார்கள். தலை போன ஈ சாவதில்லை. ஆறு காலையும் ஊன்றிக்கொண்டு பல மணி நேரம் கம்பீரமாக நிற்கும். அந்த முண்டத்தின் முதுகில் ஒரு முடியை மெல்லிய இழையால் லேசாக வளைத்தால், கால் ஒன்று எழும்பி, தொட்ட அந்த இடத்துக்கே வந்து தட்டிவிடும். இழையை இடம் மாற்றினால் காலும் இடம் மாற்றித் தேடி வரும். தலை போனாலும் முடிமேல் கை வைக்க விடாது. ஒவ்வொரு முடியும் எங்கே இருக்கிறது என்பது அதன் நரம்புக் கம்பி போய்ச் சேரும் இடத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே முடி இடம் மாறி முளைத்தால் ஈக்கு அது அழகுப் பிரச்சினை இல்லை.

இனி நியூயார்க்குக்கே திரும்புவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் என்ற வாத்தியாருக்கு 16 அடிக்கு 23 அடியில் ஓர் அறை. அதில் எட்டு மேஜை, எண்ணி மாளாத பால் பாட்டில்கள், பாட்டில் தோறும் ஈ. பாட்டில்கள் நேர்வழியில் வந்தவை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. பக்கத்து வீட்டு வாசல்களில் பால்காரர் வைத்துப் போனவை என்றுதான் பேச்சு. உள்ளே வாழைப்பழ நாற்றம். 1910-ல் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவில் வெள்ளைக் கண் ஈ ஒன்று அகப்பட, மோர்கனுக்கு யோகம் அடித்தது. 1933-ல் நோபல் பரிசு வரைக்கும் அந்தக் கண் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆனால் கண்ணைப் பார்த்துக் களைத்தவர்கள் அடுத்துப் பார்த்தது முடியை. கால்வின் பிரிட்ஜஸ் என்ற பையனைப் பாட்டில் கழுவத்தான் வேலைக்கு வைத்தார்கள். கழுவப் போன பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே கண் நிறம் மாறிய ஈ ஒன்றை அவன் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் யார் அவனைப் பாட்டில் கழுவ விடுவார்கள்? அந்தக் கூட்டம் கண்டெடுத்த திரிபுகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் நம்மூர் திண்ணையில் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் தோற்றார்கள். முடியில்லாதவன், முடிக்காரன், சவரம் செய்தவன், கட்டை முடி, கருகின முடி. இதில் ஒரு வில்லங்கமும் சேர்ந்துகொண்டது. ஜீன் கெட்டுப்போனால் ஈ எப்படித் தோன்றுகிறதோ அதுதான் ஜீனுக்குப் பெயர். ஆக, முடியை முளைக்க வைக்கும் ஜீனுக்கு 'முடியற்றது' என்ற பொருளில் அக்கீட் என்று பெயர். 'முடிக்காரன்' என்ற ஜீன் செய்வதோ, முடி வராமல் தடுக்கும் வேலை. மாணவர்கள் இன்றுவரை இதில் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அக்கீட் கெட்டால் நடுமுதுகில் குறிப்பிட்ட சில முடி இல்லை. அதன் அண்டை வீட்டு ஜீன் ஸ்கூட் கெட்டால் வேறு சில முடி இல்லை. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே அறையின் ஆட்கள் இன்னும் இரண்டு திரிபுகளையும் கண்டுபிடித்தார்கள். ஒன்றில் சிறகோரம் கொறித்தது போல வெட்டு, அதற்கு நாட்ச். மற்றொன்றில் சிறகு நரம்பு ஓரத்தில் ஆற்றுக் கழிமுகம் போல அகன்றது, அதற்கு டெல்டா. சிறகு விவகாரம் என்று ஒதுக்கி வைத்தார்கள். இந்தக் கதையின் கதாநாயகனும் கதாநாயகியும் அவர்கள்தான் என்பது ஊருக்குத் தெரிய இன்னும் அறுபது, எழுபது வருஷம் பாக்கி.

அங்கே படித்த ஹெர்மன் முல்லர் 1922-ல் மாஸ்கோவுக்குப் போனபோது ஈ பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போனார். ஐந்து வருஷத்தில், டெக்சஸில் உட்கார்ந்து, எக்ஸ் கதிரைக் காட்டினால் ஈயின் ஜீன்கள் திரிகின்றன என்றும் நிரூபித்தார். மாஸ்கோக்காரர்கள் விடுவார்களா? செரப்ரோவ்ஸ்கி என்ற ஆசிரியரும் துபினின், அகோல் முதலான சீடர்களும் ஈயைக் கதிருக்குக் காட்டி, ஸ்கூட் திரிபுகளாக வாரிக் குவித்தார்கள். பிறகு எண்ண ஆரம்பித்தார்கள்.

எண்ணியதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. உதாரணத்துக்கு, ஒரு திரிபில் முதல், இரண்டாம், மூன்றாம் முடி இல்லை என்று வையுங்கள். மற்றொன்றில் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது இல்லை. இரண்டையும் கலந்து பிறந்த ஈயில் மூன்றாவது மட்டும் இல்லை, மற்றவை ஆஜர். முடிகளை ஒரு கோட்டில் வரிசைப்படுத்தினால் ஒவ்வொரு திரிபும் அந்தக் கோட்டில் ஒரு துண்டை வெட்டியெடுப்பது போல அமைந்தது. ஜீன் என்பது உடையாத மணி என்று உலகமே நம்பிய காலம். இவர்களோ ஈயின் முதுகைக் காட்டி, அது உடையும், துண்டு துண்டாக வேலை செய்யும் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பும் போயிற்று.

அதற்குள் வேறு ஒருவர் மறுக்க வந்துவிட்டார். லைசென்கோ என்ற பயிர் வாத்தியார், ஜீன் என்பதே முதலாளித்துவப் புளுகு என்று ஸ்டாலின் காதில் ஓதிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. முல்லரிடம் டெக்சஸ் போய்ப் படித்து வந்த அகோலை 1936 கடைசியில் பிடித்துக்கொண்டு போய் 1937-ல் சுட்டுக் கொன்றார்கள். சோவியத் நாட்டை நம்பி 1933-ல் அங்கே குடிபோயிருந்த முல்லர், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ரத்ததான சேவைக்குப் போகிறேன் என்று கிளம்பித் தப்பித்தார். போர்முனைக்குப் போனதால் உயிர் பிழைத்த விஞ்ஞானி என்றால் அநேகமாக இவர் ஒருவர்தான். துபினினின் ஆய்வுக்கூடத்தை 1948-ல் இழுத்து மூடினார்கள். அவர் உரால் ஆற்றுப் பக்கம் போய்ப் பறவைகளை எண்ணினார். எண்ணிப் பழகிய கை சும்மா இருக்காது. மறுவருடம் ஒகோன்யோக் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு, ஈ நேசர்கள் மனித விரோதிகள் என்பது. ஈயின் முதுகில் முடி எண்ணியதற்காக ஒரு நாட்டின் அரசாங்கமே இவ்வளவு கோபப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதே நேரம் லண்டனில் ஒருவருக்கு ஈயே பிடிக்கவில்லை. வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் வளர்த்தது ரோட்னியஸ் என்ற தென் அமெரிக்க ரத்தம் குடிக்கும் மூட்டை. நம் மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா மாதிரி கிடையாது. வேறு வம்சம், ஆனால் தொழில் அதே. அதில் அவருக்கு ஒரு சௌகரியம். ஒரு தடவை வயிறு முட்ட ரத்தம் குடித்தால் ஒரு தடவை தோல் உரிக்கும். குடிக்காவிட்டால் உரிக்காது. ஆக, வளர்ச்சியின் கடிகாரம் ஆராய்ச்சியாளர் கையில்.

ஹிட்லரின் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட ஆரம்பித்த அதே 1940-ல் அவர் வெளியிட்ட கட்டுரை மூட்டையின் வயிற்று முடிகளைப் பற்றியது. குஞ்சு மூட்டைக்கு முடி குறைச்சல். தோல் உரிக்க உரிக்கக் கூடுகிறது. எங்கே கூடுகிறது? பழைய முடிகளுக்கு நடுவில் எங்கே இடைவெளி அதிகமோ அங்கே. ஒரு முடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று முளைப்பதேயில்லை. சுட்ட ஊசியால் வயிற்றுத் தோலில் ஒரு வட்டத்தைப் பொசுக்கினார். சுற்றியிருந்த செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடின. புதுத் தோல் முதலில் வழுக்கை; அடுத்தடுத்த உரிப்பில் சரியான இடைவெளி விட்டு முடிகள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு முடியும் தனக்கு வேண்டிய ஏதோ ஒரு சரக்கைச் சுற்றுவட்டாரத்திலிருந்து உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் பக்கத்தில் இன்னொன்றுக்கு வழியில்லை என்று அவர் முடிவு கட்டினார். சரக்கு விஷயத்தில் கோட்டை விட்டார். முடி தன் அண்டை அயலாரை முளைக்க விடுவதில்லை என்ற விஷயத்தில் அடித்த அடி ஆணி மேல்தான். பின்னாளில் சர் பட்டம் வந்தது. 94 வயது வரை இருந்தார்.

1952-ல் மான்செஸ்டரிலிருந்து ஆலன் டூரிங் இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தார். ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதத்தை உடைத்து, கணிப்பொறிக்கு அஸ்திவாரம் போட்டு, பொழுது போகாமல் பூச்சி புழுவுக்கு வந்த கணக்கர். இரண்டு ரசாயனங்கள், ஒன்று கிளப்பிவிடும், ஒன்று அடக்கும், இரண்டும் வேறு வேறு வேகத்தில் பரவும். இவ்வளவு இருந்தாலே வெறும் பரப்பில் புள்ளியும் கோடும் தாமாகவே தோன்றும் என்று சமன்பாடு எழுதிக் காட்டினார். உயிரியல்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சமன்பாட்டைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள்.

திருப்பாதவர்களில் ஒருவர் கர்ட் ஸ்டெர்ன். ஹாம்பர்க்கில் பிறந்த யூதர். மோர்கனின் ஈ அறையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு ஜெர்மனி திரும்பியவர்; மறுபடி அமெரிக்கா வந்திருந்த சமயம், 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வர, அங்கேயே தங்கிவிட்டார். 1954-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'இரண்டு அல்லது மூன்று முடிகள்'. உலகத்தில் வேறு எந்தத் துறையிலாவது ஒரு பேராசிரியர் இப்படித் தலைப்பு வைத்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போக முடியுமா? மயிரைக் கட்டி மலையை இழுக்கிற வேலை என்றால் இதுதான். மனிதர் இழுத்தும் காட்டினார்.

அவருடைய கேள்வி இது. அக்கீட் கெட்ட ஈயில் நடுமுதுகின் பின்முடி வருவதில்லை. இடம் குறிக்கும் வரைபடம் கிழிந்துபோனதாலா, வரைபடம் சரியாக இருந்தும் அதைப் படிக்கத் தெரியாத செல் அங்கே உட்கார்ந்திருப்பதாலா? இதைத் தீர்க்க ஒரே முதுகில் இரண்டு விதச் செல்களும் கலந்த கதம்ப ஈக்களை உண்டாக்கினார். அக்கீடுக்கு ஒட்டினாற்போல் மஞ்சள் நிற ஜீன் ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று. மஞ்சள் திட்டு என்றால் அங்கே அக்கீட் கெட்ட செல். பழுப்பு என்றால் நல்ல செல். அப்புறம் என்ன, எல்லைக்கோடு அந்த ஒரு முடியின் இடத்துக்குப் பக்கமாகப் போகிற ஈக்களைத் தேடித் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

குறித்த இடத்தில் நல்ல செல் இருந்தால், சுற்றிலும் கெட்டது சூழ்ந்திருந்தாலும், முடி முளைத்தது. கெட்டது இருந்தால், சுற்றிலும் நல்லது காவல் காத்தாலும் முளைக்கவில்லை. சரியான இடம் மஞ்சளாகி, ஓரடி தள்ளி நல்ல செல் இருந்தால், அந்த முடி சற்றே நகர்ந்து வந்து நல்லதன்மேல் முளைத்தது. ஈயின் அளவுக்கு ஓரடி. ஆக, வரைபடம் கண்ணுக்குத் தெரியாமல் முன்னாலேயே அங்கே இருக்கிறது. அக்கீட் என்பது அதைப் படிக்கும் கண். ஸ்டெர்ன் அதற்கு முன்வரைவு என்று பெயர் வைத்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரைபடத்தை எழுதியது யார் என்று கடைசிவரை தேடினார்; கைக்குக் கிட்டவில்லை.

கிட்டியது மாட்ரிட்டில். அன்டோனியோ கார்சியா-பெலிடோ 1970களின் இறுதியில் அக்கீட், ஸ்கூட் ஜீன்களைக் குடைந்தார். இவைதான் செல்லை நரம்புப் பக்கம் சேர்க்கின்றன, இவை இல்லாவிட்டால் செல் வெறும் தோலாகவே காலம் தள்ளும் என்றார். 1985-ல் அதே ஊரில் ஹுவான் மொடொலெல் குழு அந்த ஜீன்களைப் பிரித்தெடுத்தது. ஜீன் எங்கே விழித்திருக்கிறது என்று சாயம் போட்டுப் பார்த்தால், முடி வரப்போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு திட்டு, இருபது முப்பது செல்கள் சேர்ந்து. ஒவ்வொரு திட்டையும் எழுப்ப ஜீனுக்கு வெளியே தனித்தனி ஸ்விட்சு. அந்த ஸ்விட்சுகளை அழுத்துகிற கைகள்தான் ஸ்டெர்ன் தேடிய முன்வரைவு. அதில் ஒரு கைக்கு இராக்வா என்று பெயர். அது கெட்டால் பக்கவாட்டு முடியெல்லாம் போய் நடுவில் மட்டும் ஒரு பட்டை மிஞ்சும், அந்தப் பழங்குடிப் போர்வீரன் தலையில் இருப்பது போல.

மாஸ்கோக்காரர்களின் கணக்கும் அப்போதுதான் நேரானது. அவர்கள் எக்ஸ் கதிரால் உடைத்தது பெரும்பாலும் ஜீனையே அல்ல, அதன் ஸ்விட்சுப் பலகையைத்தான். பலகை எங்கே அறுந்ததோ அதற்கு அப்பாலிருந்த முடிகள் அணைந்தன. விளக்கம் தப்பு, எண்ணிக்கை மட்டும் அப்பழுக்கில்லாதது. சுட்டுக் கொல்லப்பட்டவருக்கு ஐம்பது வருஷம் கழித்து வந்த நற்சான்றிதழ்.

திட்டில் முப்பது செல், முடியோ ஒன்று. மீதி இருபத்தொன்பது என்ன ஆயிற்று? இங்கேதான் நாட்சும் டெல்டாவும் மேடைக்கு வருகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த நியாயம்தான். முப்பது பேருக்கும் நரம்பாக ஆசை உண்டு, தகுதியும் சமம். ஒவ்வொரு செல்லும் டெல்டா என்ற துண்டை வெளியே நீட்டிப் பக்கத்துச் செல்லின் நாட்சைத் தொடுகிறது. தொடப்பட்ட நாட்ச், 'ஆள் வராங்க, தள்ளி நில்லுங்க' என்று தன் செல்லுக்கே உள்ளே சொல்லி, அதனுடைய அக்கீடையும் துண்டையும் சேர்த்து அடக்குகிறது. எல்லாரும் எல்லாரையும் அடக்கும்போது எவனோ ஒருவன் துளி முந்துகிறான். முந்தியவனை அடக்க ஆள் குறைகிறது, அவன் துண்டு நீளுகிறது, மற்றவன் துண்டு சுருங்குகிறது. சற்று நேரத்தில் சீட்டில் ஒருவன். மற்றவர்கள் நின்றுகொண்டு, சாதாரணத் தோலாக வருகிறார்கள். குட்டி முடிகளின் வரிசையிலே செல்கள் நீண்ட மெல்லிய விரல்களை நீட்டி, ஒட்டியிருக்காதவனையும் எட்டித் தொட்டு அடக்குகின்றன என்று 2010-ல் படம் பிடித்தே காட்டினார்கள்.

சீட்டில் இருப்பவனைத் தூக்கிவிட்டால்? 1985-ல் கிறிஸ் டோவும் கோரி குட்மனும் வெட்டுக்கிளிக் கருவில் நரம்பாகத் தேர்வான ஒரே ஒரு செல்லை லேசரால் சுட்டார்கள். பக்கத்தில் நின்றிருந்தவன் மறுபேச்சில்லாமல் அந்த வேலைக்கு வந்துவிட்டான். நின்றவர்களுக்கு ஆசை போகவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாட்சே இல்லாவிட்டால் என்ன கூத்து என்பதை டொனால்ட் பூல்சன் 1930களின் கடைசியிலேயே பார்த்துவிட்டார். அந்த ஈக் கருவில் தோலாக வேண்டியதெல்லாம் நரம்பாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தே தீருவேன் என்றால் பஸ் எப்படி நகரும்? கரு செத்தது.

ஜெயித்த செல்லுக்கும் நிம்மதி இல்லை. அது பிரிந்து பிரிந்து நாலாக வேண்டும்: தண்டு, குழி, நரம்பு, உறை. பாகப்பிரிவினையில் நம்ப் என்ற புரதம் ஒரு வாரிசுக்கு மட்டும் போகிறது. பெற்றவன் நாட்சின் அதட்டலுக்குச் செவிடு. நரம்புப் பக்கம் போவான். பெறாதவன் வெளிப்பூச்சு வேலைக்கு. நம்ப் இல்லாத ஈக்கு நரம்பு வர வேண்டிய இடத்தில் வெளிப்பாகங்களே மேலும் மேலும் முளைத்தன. தொட்டால் உணர்ச்சி கிடையாது. 1989-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜான் தம்பதி, யூ நங் ஜானும் லில்லி ஜானும். இருவரும் பௌதிகம் படிக்கப் போய் ஈயிடம் மாட்டிக்கொண்டவர்கள்.

மலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: நம் உள்காதில் ஒலியை வாங்கும் செல்களும் இதே துண்டு போடும் முறையில்தான் இடம் பிடிக்கின்றன. ஈயில் அக்கீடின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று உண்டு. அதன் எலிப் பதிப்பை நீக்கினால் அந்தக் காதுச் செல் ஒன்றுகூட உண்டாவதில்லை என்று 1999-ல் தெரிந்தது. 2004-ல் இன்னும் பெரிய செய்தி. டி செல் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நாட்ச் ஜீன் திரிந்திருந்தது. 2011-ல் கணிப்பொறிக்காரர்கள் வந்தார்கள். வலைப்பின்னலில் உள்ள கணிப்பொறிகள் தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த இரண்டு தலைவர்களும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. இதை அவர்கள் பல வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஈயின் திட்டுகளைப் பார்த்து எழுதிய வழிமுறையில் ஒரு கணிப்பொறிக்குத் தன் பக்கத்தில் எத்தனை பேர் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

நடுவில் 2008-ல், அமெரிக்கத் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற சாரா பேலின், பொதுமக்கள் பணம் பழ ஈ ஆராய்ச்சிக்கெல்லாம் போகிறதே, அதுவும் பாரிசில், என்று மேடையில் நக்கலடித்தார். அவர் சொன்ன ஈ ஆலிவ் காயைக் கெடுக்கும் வேறு ஈ. ஸ்டாலின் காலத்து ஒகோன்யோக்கும் ரிபப்ளிகன் கட்சி மேடையும் ஒரே குரலில் பேசிய விஷயம் உலகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஈ ஒன்று.

இவ்வளவும் படித்த பிறகும் ராத்திரி சமையலறையில் கரப்பானைப் பார்த்தால் செருப்பைத்தான் தேடப் போகிறீர்கள். தேடுங்கள். அதன் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிறந்த குஞ்சுக்குக் கொம்புக்கு இரண்டே இரண்டு நீள முடி. தோல் உரிக்க உரிக்க வரிசை கட்டிக் கூடி, வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேல் நிற்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கத்துக்கு என்றே ஒரு வரிசை உண்டு. செருப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று அந்த முடியில் பட்டு, கரப்பான் திரும்பத் தொடங்க ஒரு வினாடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். அடி தவறினால் உங்கள் கையைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.